ஒரு ஞாயிற்றுக்கிழமை தோய்த்த உடுப்புகள்

கதவைச் சாத்தியதும் உள்ளே பேச்சு நின்றுவிட்டது. நின்றிருக்காது. ஐந்து பேர் பேசாமல் எப்படி முடிவெடுப்பது. பழைய மரக்கதவு, நல்ல கனம், அதுதான் சத்தத்தை விழுங்குகிறது. “கொஞ்ச நேரம் வெளியே இருங்கள், ஃபிராவ் அருளம்பலம், நாங்கள் கதைத்துவிட்டுக் கூப்பிடுகிறோம்” என்று குடியுரிமைக் குழுத் தலைவி ஃபிராவ் கெல்லர் சொன்னார், ஃபிராவ் என்றால் இங்கே திருமதி. அ, ரு, ளம், ப, லம் என்று தடக்காமல் சொன்னார், நேற்றே வீட்டிலிருந்து சொல்லிப் பழகியிருப்பார் போல. நல்ல மனுசி. நல்ல மனுசிகளும் “இல்லை” என்று சொல்வார்கள், அதையும் நன்றாகவே சொல்வார்கள். இந்த நீட்டு மர வாங்கில் எத்தனை பேர் இருந்து எழும்பியிருப்பார்களோ, நடுவில் பலகை மினுங்குகிறது, ஓரங்களில் மினுங்கவில்லை, எல்லாரும் நடுவில்தான் இருந்திருக்கிறார்கள், நானும் நடுவில்தான் இருக்கிறேன். எதிர்ச் சுவரில் ஊர்த் தீயணைப்புப் படையின் பழைய படம், மீசைக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் குடியுரிமையை முதலில் ஊர்தான் கொடுக்க வேண்டும். ஊர் ஓம் என்றால் மாநிலம், மாநிலம் ஓம் என்றால் தலைநகர். ஊர் இல்லை என்றால் அதோடு சரி, நிரந்தர வதிவிட அட்டையை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று வருடம் காத்திருந்து திரும்பவும் இந்த வாங்குக்கு வர வேண்டும். அம்மாவின் நெஞ்சு அவ்வளவு காலம் காத்திருக்காது. வால்வு பழுது, ஒரு வருடம் மருந்தில் தாங்கும், அதற்குமேல் சொல்ல முடியாது என்று யாழ்ப்பாணத்து டாக்குத்தர் சொல்லிவிட்டார். அம்மா ஒப்பரேசனுக்கு ஒத்துக்கொண்டால்தானே. “நெஞ்சைத் திறக்கேக்க வெளியில என்ர பிள்ளை இருக்கவேணும்” என்கிறா. நான் ஒரே பிள்ளை. மருமகன் வந்து இருந்தால் காணாதோ என்று கேட்டேன். “அவர் தங்கமான மனுசன். ஆனா அரைவாசியில தேத்தண்ணி குடிக்கப் போயிடுவார்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தா, சிரிக்க மூச்சு வாங்கியது, அதை மறைக்க இன்னும் சிரித்தா. சாத்திய கதவுக்கு வெளியே ஒருவர் இருப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது நானே சாத்திய கதவுக்கு வெளியே இருக்கிறேன், பக்கத்தில் யாரும் இல்லை. சுடுதண்ணி ஓடும் இரும்புக் குழாயில் டிக், டிக் என்று ஒரு சத்தம். அம்மா சொன்னது விளங்குகிறது.

மறந்துவிட்டேன் என்று ஏன் சொன்னேன். வேறு எதையும் சொல்லியிருக்கலாம். மெசினில் ஏதோ பழுது என்று சொல்லியிருக்கலாம். மகளுக்குக் காய்ச்சல், சத்தி எடுத்துவிட்டாள், படுக்கை விரிப்பு எல்லாம் நாசம் என்று சொல்லியிருந்தால் உள்ளே இருக்கிற அந்தத் தாடிக்காரர்கூட ஐயோ பாவம் என்று தலையாட்டியிருப்பார். அதுவரைக்கும் எல்லாம் நல்லாகத்தானே போனது. ஆற்றின் பெயர் சொன்னேன், ஏழு அமைச்சர்களின் பெயர்களும் சொன்னேன், கண்ணாடிப் போத்தல்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவது பற்றிச் சொன்னேன், அதில் ஃபிராவ் கெல்லருக்கே ஒரு சந்தேகம் வந்து பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது நடக்கப் போவேன் என்றேன். அது மகள் அபிரா சொல்லித் தந்தது. ஒரு கிழமையாகப் பின்னேரங்களில் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்து தலைவி மாதிரி நடித்தாள். “ஃபிராவ் அருளம்பலம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?” “சமைப்பன்.” “அம்மா! நடக்கப் போவன் எண்டு சொல்லுங்கோ. இவை எல்லாரும் நடக்கிறவை.” “எங்க நடக்கிறது?” “எங்கயும் இல்லை. சும்மா நடக்கிறது.” “சும்மா ஏன் நடப்பான்?” “ஐயோ அம்மா, ஃபெயில்” என்று கதிரையோடு பின்னால் சரிந்தாள். அவளும் தகப்பனும் மூன்று வருடத்துக்கு முன்பே குடியுரிமை எடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் மொழிப் பரீட்சை சரிவரவில்லை. முதியோர் இல்லத்தின் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போர்த்துக்கல்காரிகள், நான் ஜெர்மனுக்கு முன்னால் போர்த்துக்கீசம் பழகிவிட்டேன். முதல் பரீட்சையில் நாளைக்கு என்பதற்கு என் வாயில் அவர்களுடைய சொல்தான் வந்தது, பரீட்சை எடுத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்றைக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாடிக்காரர்தான், அதுவரை ஒன்றும் கேட்காமல் இருந்தவர், கடைசியில், “ஒரு சின்ன விசயம்” என்று தொடங்கினார். உங்கள் கட்டடத்தில் அயலவர்களிடம் விசாரித்தோம், பொதுவாக எல்லாரும் நல்லாகத்தான் சொன்னார்கள், ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலக்கீழ் அறையில் எல்லாருக்கும் பொதுவான தோய்க்கும் மெசின் ஓடியதாம், மத்தியானம் வரைக்கும், அது நீங்களா. நான்தான் என்றேன். ஞாயிறு ஓய்வு நாள், சத்தம் வரக் கூடாது, தோய்க்கக் கூடாது என்று தெரியாதா. தெரியும். பிறகு ஏன். அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. ஞாயிறு என்பதை மறந்துவிட்டேன். ஃபிராவ் கெல்லரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லாமல் போனது. இந்த நாட்டில் ஞாயிறை யாராவது மறப்பார்களா. கடைகள் எல்லாம் பூட்டு, ரோட்டில் சனம் இல்லை, குழந்தைகூட மெதுவாக அழுகிற மாதிரி இருக்கும், தேவாலய மணி மட்டும் காதைப் பிளக்கும். பத்தொன்பது வருடம் இங்கே இருந்துவிட்டு ஞாயிறை மறக்கிறவளுக்கு என்ன குடியுரிமை.

ஆனால் உண்மையைச் சொல்லக் கூடாது என்றுதானே என் மனுசன் தவம் சொல்லி அனுப்பினார். காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். “இஞ்சரும், அப்பான்ர செத்தவீட்டுக் கதை மட்டும் எடுக்காதையும். அதை எடுத்தா, போனீங்களோ எண்டு கேப்பினம். போகேல்லை எண்டா, ஏன் போகேல்லை எண்டு கேப்பினம். பிறகு, இனிப் போவீங்களோ எண்டு வரும். அதுக்கு என்ன சொல்லுவீர்?” நான் கோட்டுப் பொத்தானைப் பூட்டினேன். “பாத்தீரே, அகதியெண்டு வந்தவ திரும்பிப் போகத்தான் எங்கட பாஸ்போட் கேக்கிறா எண்டு எழுதிப்போடுவினம். நடக்கப் போவன் எண்டு சொல்லும், அதுவே காணும்.” அவர் சொல்வதிலும் பிழை இல்லை. என் அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கை தவிர என்று அச்சடித்திருக்கிறது. பூமியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பெயர் தெரியாத தீவுக்குக்கூடப் போகலாம், அம்மா இருக்கிற வீட்டுக்கு மட்டும் போக முடியாது. இந்த ஊர்க்காரி ஆகிவிட்டால் போகலாம். அந்நியக்காரியாக, விசா எடுத்துக்கொண்டு. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது பகிடியாக எடுத்துக்கொண்டா. “அப்ப எயார்ப்போட்டில வெள்ளைக்காரரின்ர வரிசையிலயோ நிப்பாய்? எனக்குப் பிறந்தவள் என்ர வீட்டுக்கு விசாவில வாறாள். எத்தினை நாள் தருவாங்கள்? வந்த கையோட துரத்திப்போடுவாங்களோ?” அப்பாவும் இருந்திருந்தால் பகிடிக்கு எடுத்துக் குடுத்திருப்பார். அப்பா போனது இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. தவத்திடம் புது சிவப்புப் பாஸ்போட் இருந்தது, வெள்ளிக்கிழமையே வெளிக்கிட்டார். அபிராவும் கூடப் போனாள், தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்று. விமான நிலையத்தில் நான் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவர் உள்ளே போய் வரிசையில் நின்றுகொண்டு, பிழை செய்தவர் மாதிரி என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். என்னுடைய அப்பாவைப் பார்க்க அவர் போகிறார், நான் ரெயில் பிடித்து வீட்டுக்கு வருகிறேன், ரெயிலில் ஒரு பெடியன் பாணும் சீசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். அங்கே மத்தியானம் நெருங்குகிறது, இங்கே காலை. இரவு முழுக்க நித்திரை இல்லை, சாப்பாட்டு மேசையில் போனை ஒரு சம்பல் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறை அடித்தது. என்னுடைய யன்னலுக்கு வெளியே தேவாலய மணி அடித்தது. அங்கே யாரோ ஒரு பெண் தலையைத் திருப்பி, “உதென்ன மணிச் சத்தம்?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. அது ஞாயிறு என்று எனக்குத் தெரியாதா. என் ஞாயிறுதான் அந்த வீட்டுக்குள் போய் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவைத் தூக்கினார்கள். தவம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார், படம் குலுங்கியது, முற்றம், கால்கள், பூ, வாசல் படலை. நான் தவத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். “இஞ்சரப்பா, நில்லுங்கோ. போனை அம்மாட்டக் குடுத்திட்டுப் போங்கோ.” “ஏன், சுடலை வரைக்கும் காட்டுறன், நீர் பாக்கேல்லையோ?” “நான் அங்க நிண்டாலும் படலையோடதானே. குடுத்திட்டுப் போங்கோ.” அவருக்கு விளங்கவில்லை, ஆனால் கொடுத்தார். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையில் நின்று அழுவார்கள், பறைச் சத்தம் தேயும்வரை நிற்பார்கள், பிறகு திரும்பி வந்து வீடு கழுவுவார்கள். விமானம் ஏறிப் போயிருந்தாலும் நான் அவ்வளவுதான் செய்திருப்பேன். அதை இங்கே இருந்தும் செய்யலாம் அல்லவா. போனை யாரோ யன்னலில் வைத்தார்கள், முகட்டோடுகள் தெரிந்தன, வாளி வைக்கிற சத்தம், தண்ணீர் சளார் என்று சீமெந்தில் விழுகிற சத்தம். அம்மாவின் முகம் ஒரு பக்கமாக வந்தது. அழுது முடிந்த முகம். “பிள்ளை, நிக்கிறியே?” “நிக்கிறன் அம்மா.” “நீயும் வீட்டைக் கழுவு. உடுத்தினது, விரிச்சது எல்லாத்தையும் தோய். தலைக்கு முழுகு. துடக்கு உனக்கும்தான்.” உனக்கும்தான். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை நாள் விழித்திருந்தேனோ. வராதவள் என்று அம்மா சொல்லவில்லை. செத்தவீட்டுத் தீட்டு உனக்கும்தான் என்றா. நான் எழும்பித் தலைக்குத் தண்ணி ஊற்றிவிட்டு யன்னல் திரை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, தவம் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சேர்ட், அபிராவின் துவாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். வேலையில் ஞாயிறுகளிலும் தோய்க்கிறவள் நான், அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கிழவர்களின் படுக்கைக்கு ஞாயிறு இல்லை. மெசின் தண்ணி இழுக்கத் தொடங்கியது. அதுவும் அந்தச் சளார் சத்தம்தான். நான் கதிரை இல்லாமல் நிலத்தில் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஃபிராவ் மோசர் வந்தார். இரண்டாம் மாடி, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வாசல் மிதியடி அரை அங்குலம் விலகினாலும் நேராக்கிவிட்டுத்தான் போவார். வீட்டுச் சப்பாத்தோடு படியில் நின்றார். “ஃபிராவ் அருளம்பலம். இன்றைக்கு ஞாயிறு.” நான் நிமிர்ந்து பார்த்து, “தெரியும்” என்றேன். ஐயோ. தெரியும் என்றல்லவா சொன்னேன். அவரைத்தானே விசாரித்திருப்பார்கள். ஞாயிறு என்று சொன்னேன், தெரியும் என்று பதில் சொன்னாள் என்று அவர் சொல்லியிருந்தால், நான் மறந்துவிட்டேன் என்றபோது அந்த ஐந்து பேருக்கும் அது பொய் என்று தெரியும். அதனால்தான் ஃபிராவ் கெல்லரின் கண் அப்படிப் போனது. தாடிக்காரர் சின்ன விசயம் என்று தொடங்கியதே இதற்குத்தான், பொய் சொல்கிறாளா என்று பார்க்க. இல்லை, அப்படி இருக்காது, அவர் பொதுவாகக் கேட்டார். இல்லை, தெரிந்துதான் கேட்டார். குழாய் டிக், டிக் என்கிறது. எழும்பி நின்றேன், திரும்பவும் இருந்தேன், இந்த முறை ஓரத்தில். ஃபிராவ் மோசர் பிறகு என்ன செய்தார். என்னைப் பார்த்தார். ஈரத் தலையோடு, நிலத்தில், கையில் ஆளில்லாத சேர்ட்டை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் திரும்பி, அந்த நிலக்கீழ் அறையின் கதவைச் சாத்திவிட்டுப் போனார். இரும்புக் கதவு, யாரும் சாத்துவதில்லை, எப்போதும் திறந்தேதான் கிடக்கும். கோபத்தில் சாத்திவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், படியில் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபத்தில் சாத்தினால் அடித்துச் சாத்துவார்கள். அவர் மெதுவாகச் சாத்தினார். கைப்பிடியை அமத்திப் பிடித்துக்கொண்டு சாத்தினார், பூட்டு விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்தக் கதவைப் பார். உள்ளே ஐந்து பேர் என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள், ஒரு சொல் வெளியே வரவில்லை. கதவு சாத்தினால் சத்தம் மேலே போகாது. மெசின் சத்தமும் போகாது, நான் அழுததும் போகாது. அதற்குத்தான் சாத்தினாரோ. தெரியாது. இருக்கலாம். அவர்தான் குழுவிடம் சொன்னார் என்று நான் நினைத்ததும் சரியாக இருக்கலாம், இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், கதவையும் சாத்தலாம், கேட்டவர்களுக்கு உள்ளதையும் சொல்லலாம். அவர் உள்ளதைத்தான் சொல்லியிருப்பார். நான்தான் சொல்லவில்லை.

பயம் எதற்கு என்று இப்போதுதான் பிடிபடுகிறது. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பயம் என்று இவ்வளவு நேரமும் நினைத்தேன். அந்தப் பயம் இருக்கிறது, அது கையில் வேர்வையாக இருக்கிறது. நெஞ்சுக்குள் கிடந்து குத்துவது வேறு. அப்பாவுக்கென்று நான் செய்தது அந்தத் தோய்ச்சல் ஒன்றுதான். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன், சுடலைக்குப் போனது தவம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஊரெல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. நான் திரையும் விரிப்பும் தோய்த்தேன். அதைத்தான் அந்த மேசையில் வைத்து மறதி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அம்மா கேட்டால் என்ன சொல்வேன். என்ன பிள்ளை, அப்பாவை எடுத்த நாளை மறந்துபோனன் எண்டு சொன்னியோ. அப்படிச் சொல்லித்தான் பாஸ்போட் எடுத்தியோ. கேட்க மாட்டா, அவவுக்குத் தெரியவே போவதில்லை, அவவின் கட்டிலடியில் போய் நின்று நெஞ்சைத் தடவிக்கொடுக்கும்போது எனக்குத்தானே தெரியும். சொன்னால் என்ன ஆகும். போனீங்களா என்று கேட்பார்கள். போகவில்லை. போவீர்களா. போவேன். அதற்குப் பிறகு தாடிக்காரர் எழுதுவார். எழுதட்டும். எழுதினால் அம்மாவின் வால்வு. ஐயோ, எழுதினால் அம்மாவின் வால்வு. முடிவு எடுத்திருப்பார்கள், இனிமேல் நான் சொல்லித்தான் என்ன, ஓம் என்று இருந்தால் சொல்லிக் கெடுக்கவா, இல்லை என்று இருந்தால் சொல்லி அழவா. பேசாமல் இரு. தவம் சொன்ன மாதிரி, காணும். மீசைக்காரர்களே, நீங்கள் எதற்கு என்னைப் பார்க்கிறீர்கள், உங்களுக்கு நெருப்பு அணைக்கத்தானே தெரியும். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. கைப்பிடி கீழே இறங்குகிறது.

“ஃபிராவ் அருளம்பலம், வாருங்கள்.”

செயலாளர்ப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால்கள் தாமாகவே நடந்தன. ஐந்து பேரும் நிமிர்ந்து இருக்கிறார்கள், தண்ணீர்க் கிளாசுகள் காலி, ஃபிராவ் கெல்லர் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்துச் சிரிப்பு என்று தெரியவில்லை. “உட்காருங்கள், ஃபிராவ் அருளம்பலம்.” நான் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“முதலில் நான் ஒன்று சொல்லலாமா?”

தாடிக்காரர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஃபிராவ் கெல்லர், “நாங்கள் முடிவெடுத்துவிட்டோம்” என்றார், மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று.

“ஓம். முடிவு முடிவாகவே இருக்கட்டும். அது ஞாயிறு என்று எனக்குத் தெரியும். நான் மறக்கவில்லை. அன்றைக்குத்தான் அருளம்பலத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள்.”

ஃபிராவ் கெல்லர் முன்னாலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அருளம்பலம் நீங்கள் அல்லவா?”

“நான் சுகிர்தா. அருளம்பலம் என் அப்பா. எங்களில் அப்பாவின் பெயரைத்தான் பின்னால் எழுதுவோம். நீங்கள் இவ்வளவு நேரமும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.”

தாடிக்காரர் பேனாவை எடுப்பார் என்று பார்த்தேன். அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார், என்னைத் தாண்டிப் போனார், நான் திறந்தபடியே விட்டுவிட்டு வந்த கதவை, கைப்பிடியை அமத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சாத்தினார்.

“சொல்லுங்கள்” என்றார்.

நான் படலையிலிருந்து தொடங்கினேன்.